உறை பிரிக்காத மெத்தை

கோலா கிளாவாங்,
அக்டோபர் 14.

அன்பு மகள் பெவர்லிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதா காவலில் இங்கே நானும் உன் அம்மாவும் முட்டிவலியையும் வாய்ச்சண்டையையும் தவிர வேறு குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஜார்ஜும் என் பேத்தி கிளாராவும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கிளாராவுக்கு இந்த மாதம் இழுப்பு வரவில்லை என்று நீ சொன்னாய் அல்லவா, அன்றைக்கு உன் அம்மா முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், இரண்டு வேளை எனக்குக் குறை சொல்லாமல் சோறு போட்டாள்.

போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காதை நீட்டிக்கொண்டிருப்பாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். இப்போது அவள் தேவாலயத்தில் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், ஐந்து மணிக்கு முன்னால் வரமாட்டாள். அதற்குள் எழுதி முடித்து, நாளைக்கு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய் போஸ்டாபீஸில் போட்டுவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முப்பது வருசம் தோட்டத்தில் ஆள் மேய்க்கிற மண்டோர் வேலை பார்த்தவன், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் எழுதியதோடு சரி, இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது, காலையில் மலையிலிருந்து இறங்கும் பனிமூட்டம் ஒன்பது மணி வரைக்கும் வாசலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. குரங்குகள் போன வாரம் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டன, பழத்தைத் தின்றுவிட்டுக் கூட்டை மட்டும் செம்பனை மரத்தடியில் போட்டுவிட்டன. எதிர்வீட்டு முருகையா நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார். உங்கள் ஊரில் பேட்ரிக் என்ற என் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறதாம் என்று பெருமையாகச் சொன்னேன், இந்தத் தோட்டத்தில் ஒரு பேட்ரிக்கையே தாங்க முடியவில்லை லா என்கிறார் மனுசன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீ ரெண்டு வருசம் முன்னால் ஜூன் மாதம் கிளாராவை முதல் முதலாகக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே பின்னறைக்கு ஒரு புது ஸ்பிரிங் மெத்தை வாங்கினோம், ஞாபகம் இருக்கும். சிரம்பானில் போய் உன் அம்மா பதினாலு மெத்தையில் உட்கார்ந்து, படுத்து, கையால் அமுக்கிப் பார்த்துப் பதினைந்தாவதைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரன் அடுத்த புதன்கிழமை தன் லாரியிலேயே கொண்டுவந்து போடுகிறேன் என்றுதான் சொன்னான். உன் அப்பன் சும்மா இருந்தானா? நம்மிடம் இல்லாத லாரியா, முருகையாவின் மச்சினன் காய்கறி லாரி வெறுமனேதானே திரும்புகிறது என்று சொல்லி, அன்றைக்கே அதில் ஏற்றிக் கட்டினேன். புக்கிட் தங்கா ஏற்றத்தில் பாதி வரும்போது பிடித்தது பார் மழை, கண்ணாடிக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. கித்தான் போர்த்தக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, மெத்தை நனைந்துவிட்டதா பாருங்கள் என்றாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிளாஸ்டிக் உறையை மேலே கீழே நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளே ஒரு சொட்டு போகவில்லை, கம்பெனி உறை என்றால் சும்மாவா என்று சொன்னேன். உறையின் ஓரத்தில் காற்றுப் போவதற்கு என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி பண்ணவில்லை.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. உன் அம்மா உறையைப் பிரித்துவிட்டுப் போடலாம் என்று சொன்னாள். நான்தான் கத்தினேன். நம் ஆட்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா, புதுக் கார் வாங்கினால் சீட்டு உறையை நாலு வருசத்துக்குக் கிழிக்கமாட்டோம், முருகையா வீட்டு சோபாவில் இன்றைக்கும் பிளாஸ்டிக் இருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு வருகிறது. தூசி, பல்லி எச்சம், எறும்பு எதுவும் அண்டாது, பிள்ளை வரும்போது கடையில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிப் பிரிக்கவிடாமல் செய்தேன். அவளும் சரி, ஆம்பிளை சொல்கிறார் என்று அதற்கு மேலேயே புது விரிப்பைப் போட்டு, குரங்குக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தி வைத்துவிட்டாள். மூன்று மாதம், மகளே. இந்த மலை ஈரத்தில், பூட்டின அறையில், நனைந்த மெத்தை பிளாஸ்டிக்குக்குள் மூன்று மாதம் கிடந்தது.

மிச்சம் உனக்கே தெரியும். வந்த அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளாராவை அந்த மெத்தையில் படுக்க வைத்தாய். இருபது நிமிசத்தில் பிள்ளை கண் சிவந்து, தும்மித் தும்மி, நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நீ மருந்துக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, இந்த ரூமில் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாதம்மா, ஏதோ மக்கின வாடை அடிக்கிறது என்றாய். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, தாய்க்குத் தன் பிள்ளைதான் முதலில், நீ நர்ஸ் வேறு. சாயங்காலமே சி ரூசாவில் கடலோரம் ஒரு ஓட்டலில் ரூம் எடுத்துப் போனீர்கள். மீதி பதினெட்டு நாளும் கார் எடுத்துக்கொண்டு பகலில் வந்து பகலிலேயே போனீர்கள். உன்னைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் நீங்கள் விமானம் ஏறிய பிறகு உன் அம்மா பட்ட பாட்டை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உன் அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று தோட்டத்துக்கே தெரியும், அவள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டித் தின்னலாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த பழைய டிரெசர் ஐயா சொல்லுவார். அப்படிப்பட்டவள் வீட்டில் பேத்திக்கு மூச்சு முட்டிவிட்டது. முதலில் பூனையைக் கொண்டுபோய்ப் பாரோயில் உன் சின்னம்மா ரோஸ்லின் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பிறகு கோழிக்கூண்டு போயிற்று. ஜன்னல் திரை எல்லாம் போயிற்று, இப்போது நம் வீடு பள்ளிக்கூடம் மாதிரி மொட்டையாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அந்த மெத்தை உறையை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைப்பாள், வெயில் வந்தால் வெளியே போட்டு ரோத்தான் பிரம்பால் அடிப்பாள், எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கோடுதான். அடித்துவிட்டு மூக்கை வைத்துப் பார்ப்பாள், முகம் சுருங்கிப்போகும். நாத்தம் உறைக்கு உள்ளே இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, தோன்றவில்லை என்று சொல்வதுகூடப் பொய், எனக்கு ஓர் ஓரமாகத் தோன்றத்தான் செய்தது, நான்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். நம் தப்பு இருக்கிற இடத்தில் நமக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் முன்னால் நீ டிசம்பரில் மூன்று வாரம் வருகிறோம், சி ரூசாவில் அதே ஓட்டலில் ரூம் போட்டாயிற்று என்று செய்தி அனுப்பினாய். உன் அம்மாதான் முதலில் படித்தாள். பாசார் மாலம் ராத்திரிச் சந்தையில் துணி வாங்கி, கிளாராவுக்கு என்று முயல் படம் போட்ட விரிப்பு ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள், பாதி ஓரம் அடித்திருந்தது. மெஷினிலிருந்து அதை உருவி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு, மீன் கழுவப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அடுத்த நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்னறைக்குப் போய் பேனாக்கத்தியால் அந்த உறையை ஒரு முழத்துக்குக் கிழித்துப் பார்த்தேன். அப்பப்பா, அந்த வாடை. கால்மாட்டுப் பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பச்சைப் பூஞ்சை, துணி விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. நான் துண்டால் துடைத்த பக்கம்தான் அது.

ஒரு நல்ல மனுசனாக இருந்தால் அன்றைக்கே பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான். உன் அப்பன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். கிழித்த இடத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டு நாலு நாள் யோசித்தேன். யோசித்துக் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா, உன் அம்மா செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனதும் மெத்தையைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் கொளுத்திவிடுவது, கேட்டால் கரையான் பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுவது. இழுக்கிறதுக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தேன். ஈரத்தில் ஊறின சனியன் எரிந்தால்தானே, கறுகறுவென்று புகை மட்டும் எழும்பி வரிசை வீடு முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நம் பக்கத்தில் படுக்கையைக் கொண்டுவந்து வெளியே போட்டுக் கொளுத்தினால் என்ன அர்த்தம்? அந்த வீட்டில் உயிர் போயிற்று என்றுதானே அர்த்தம்.

முதலில் முருகையா வந்தார், சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவருக்குப் பின்னால் அவர் வீட்டம்மா ராக்கம்மா வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு. நான் புகைக்கு அந்தப் பக்கம் குனிந்து ஊதிக்கொண்டிருந்தேனா, அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. ராக்கம்மா அங்கிருந்தே தேவாலயத்துக்குப் போன் போட்டு, உன் அம்மா பேரைச் சொல்லி, லில்லியை உடனே அனுப்புங்கள், அவள் வீட்டில் படுக்கையை எரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். நான் நிமிர்ந்து, என்ன முருகையா என்று கேட்டதும் அந்த மனுசன் இரண்டு அடி பின்னால் துள்ளிக் கோழிக்கூண்டு இருந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, நீ சாகலையா என்று கோபமாகக் கேட்கிறார், ஏதோ நான் சொன்ன வார்த்தை தவறிவிட்ட மாதிரி. பத்து நிமிசத்தில் வாசலில் இருபது பேர். இறுதிப் பூசை எப்போது என்று ஒருத்தர் என்னிடமே விசாரித்துவிட்டுப் போனார்.

உன் அம்மா யாரோ ஒரு பையனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, கையில் செபமாலையோடு வந்து இறங்கினாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள், பிறகு அந்தச் செபமாலைக் கையாலேயே என் முதுகில் நாலு போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அவள் சிரிக்காமல் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறை உருகிப்போய்ப் பூஞ்சை அப்படியே தெரிந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, அத்தனை பேர் முன்னாலும் மழையில் கொண்டுவந்ததையும் துண்டால் துடைத்ததையும் பிரிக்கவிடாமல் தடுத்ததையும் சொல்லிவிட்டேன். அவள் அப்படியே பின்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருசமா நான்தான் அழுக்குப் புடிச்சவளோன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க" என்றாள். "எம் பேத்திக்கு என் கையாலதான் நோவு வந்துச்சின்னு நெனச்சேன்."

மகளே, நாற்பத்தொரு வருசம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். வேலை நிறுத்தம் பார்த்தோம், வெள்ளம் பார்த்தோம், உன் அண்ணனைப் பதினோரு நாள் குழந்தையாகப் பறிகொடுத்தோம். எதிலும் அவள் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முருகையா கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார், ராக்கம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

இப்போது புது மெத்தை வந்துவிட்டது. இந்த முறை கடைக்காரன் லாரியிலேயே, வெயில் நாளாகப் பார்த்து. உன் அம்மா வாசலிலேயே நிறுத்தி, கத்தரிக்கோலைத் தன் கையால் பிடித்து உறையைக் கிழித்து, அதைச் சுருட்டி என் கையில் கொடுத்து, கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்றாள். அந்தத் தொனியை நான் உனக்கு எழுதிக்காட்ட முடியாது. நீ முன்பு போனில் சொன்னாயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி மெத்தையில் குடியிருக்கும், அதன் எச்சம்தான் பிள்ளைக்கு ஆகாது என்று, அதை எல்லாம் அவள் ரோஸ்லின் மகளிடம் விளக்கமாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பாம்பு அடித்திருக்கிறேன், தேளை மிதித்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியாததோடு எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டால், நீங்கள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்குங்கள் என்கிறாள். காலையில் பனி விலகினதும் முதல் வேலை பின்னறை ஜன்னலைத் திறப்பது, குரங்குக்காக அதில் கம்பிவலை அடித்துவிட்டேன். எழுந்த சூட்டோடு விரிப்பை இழுத்து மூடக்கூடாதாம், மெத்தை ஒரு மணி நேரம் காற்று வாங்கின பிறகுதான் விரிக்கவேண்டுமாம். மெத்தைக்கு ஜிப் வைத்த பருத்தி உறை ஒன்று, அதன் மேல் விரிப்பு, இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, சுள்ளென்று வெயிலில் காயவைக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை ஆப்பச் சோடாவைச் சல்லடையில் சலித்து மெத்தை மேல் தூவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ரோஸ்லின் வீட்டுத் தூசி உறிஞ்சும் மெஷினைக் கடன் வாங்கி உறிஞ்சி எடுக்கிறாள். தண்ணீர் மட்டும் மெத்தையில் படவே கூடாது, ஏதாவது சிந்தினால் உலர்ந்த துணியை வைத்து ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. தரையில் போடக்கூடாது என்று கட்டிலுக்குப் பலகையை நானே இடைவெளி விட்டு அடித்தேன், அடியில் காற்று போகவேண்டுமே. திருப்பிப் போடுகிற நாள் மறந்துபோகக்கூடாது என்று மாத முதல் வெள்ளிப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் தலைமாடு கால்மாடாக மாற்றுகிறோம். ஃபாதர் பிரசங்கம் நீண்டுவிட்டால் உன் அம்மா மெத்தையை நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நீயும் அங்கே குளிர் என்று ஜன்னலையே திறக்காமல் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கிடக்காதே, ஒரு நாளைக்குப் பத்து நிமிசமாவது திறந்துவிடு, நர்ஸுக்கே பாடம் எடுக்கிறான் என்று சிரித்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு செய்தும் உன் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை, நம் மூக்கு பழகின மூக்கு, அதற்கு என்ன தெரியும் என்றாள். அப்போதுதான் எனக்கு முருகையா ஞாபகம் வந்தது. மூன்றாம் வீட்டில் மிளகாய் தாளித்தால் இவர் இங்கே ஏழு தும்மல் போடுவார், பவுடர் போட்டவர்கள் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரமாட்டார், தோட்டத்தில் அவரைவிட நல்ல மூக்கு கிடையாது. பகல் சாப்பாடு போட்டுக் கூட்டிவந்து, ஒரு மணி நேரம் இதில் படுங்கள், தும்மல் வந்தால் சொல்லுங்கள் என்று படுக்கவைத்தோம். உன் அம்மா அறை வாசலில் நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். ஒரு மணி ஆயிற்று, தும்மல் இல்லை. இரண்டு மணி ஆயிற்று. ராக்கம்மா வந்து, என் வீட்டுக்காரரை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். மூன்று மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, காப்பி இருக்கா அக்கா என்றார். ஒரு தும்மல்கூட இல்லை. உன் அம்மா மூன்று முறை நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் அலமாரியைத் திறந்து அந்த முயல் விரிப்பை மறுபடியும் மெஷினில் வைத்தாள்.

ஆனால் அவள் உன்னிடம் வாய் திறந்து கேட்கமாட்டாள். நான் கேட்டுப் பார்த்தேன், போனில் சொல்லேன் என்று. வேண்டாம், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் இரண்டாம் தடவை தாங்க முடியாது, அவர்கள் ஓட்டலிலேயே சௌகரியமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன். குற்றம் என்னுடையது, கேட்கவேண்டியதும் நான்தான். ஓட்டல் ரூமை ரத்து செய் என்று நான் சொல்லவில்லை, அது இருக்கட்டும். வந்த அன்றைக்குப் பகலில், சாப்பிட்ட பிறகு, ஒரு மணி நேரம் கிளாராவை அந்த மெத்தையில் படுக்கவிடு. நீயே பக்கத்தில் இரு, மருந்துக் குழாயைக் கையில் வைத்துக்கொள். ஒரு விசில் சத்தம் கேட்டாலும் பெட்டியைத் தூக்கிக் காரில் வைப்பது நான், ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் அம்மாவையும் பேசவிடமாட்டேன். கேட்கவில்லை என்றால் மட்டும் அன்றைக்கு ராத்திரி தங்கிவிடு. கிளாராவுக்கு ஐந்து வயது ஆகிறது, உன் அம்மா தன் பேத்தி தூங்கிப் பார்த்தது அந்த இருபது நிமிசம்தான்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு, மெத்தை எரித்த கதையைக் கேட்டு அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். உங்கள் மூவருக்கும் ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் துணையும் எப்போதும் இருக்கவேண்டும், கிளாராவின் நெஞ்சில் சளி அண்டாமல் அவள் நீண்ட ஆயுசோடு வளரவேண்டும். வரும்போது சாக்லேட் தூக்கிக்கொண்டு வராதே, எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. கடிதம் எழுதினேன் என்று அம்மாவிடம் காட்டிக்கொடுக்காதே. முக்கியமாக ஒன்றை மறக்காதே. வந்து இறங்கினதும் பழையதை எடுத்து வருத்தம் தெரிவிப்பது, மன்னிப்புக் கேட்பது எதுவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அவளிடம் போய், "அம்மா, எனக்கும் புள்ளைக்கும் தூக்கம் வருது" என்று மட்டும் சொல். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
பேட்ரிக்.